உக்ரைனிய நடனக் கழகத்தில் பிள்ளையைச் சேர்க்கும் முன்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கும் எட்மன்டனுக்குக் குடிவந்த ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த கேள்வி இது. ஆறு வயது மகள் பள்ளித் தோழியைப் பார்த்துவிட்டு உக்ரைனிய நடனத்தில் சேர்த்துவிடு என்று அடம் பிடிக்கிறாளாம். நாங்கள் உக்ரைனியர் இல்லையே, சேர்த்துக்கொள்வார்களா, எவ்வளவு செலவாகும், வேறு என்னவெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டு வயது மகனையும் சேர்க்கலாமா என்று கடைசியில் ஒரு வரி.

தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். என் பிள்ளைகளோடு ஆடியவர்களில் பிலிப்பினோ, சீன, பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். உக்ரைனியப் பிள்ளைகள் என்று சொல்லப்படுபவர்களில் பாதிப் பேருக்கு அப்பா பக்கமோ அம்மா பக்கமோ ஒரு பாட்டி மட்டும்தான் உக்ரைனியர். மகனைக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்றால் வாசலிலேயே வரவேற்பு இன்னும் பலமாக இருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றது எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பணம் கட்டிவிட்டு, பிள்ளையை இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து கூட்டிப் போகிற வகுப்பு என்று நினைத்துப் போகாதீர்கள். பெரும்பாலான கழகங்கள் பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் லாப நோக்கமற்ற சங்கங்கள். நடன ஆசிரியர் சம்பளத்துக்கு வருபவர், அவர் வேலை ஆடச் சொல்லிக் கொடுப்பது, அவ்வளவுதான். மண்டபம் பிடிப்பது, கணக்கு எழுதுவது, ஆடை தைப்பது, விழாவுக்கு டிக்கெட் விற்பது, மேடைக்குப் பின்னால் முப்பது குழந்தைகளுக்குக் கொண்டை போடுவது எல்லாம் பெற்றோர் தலையில். நானும் பல வருடம் ஆடை அலமாரிப் பொறுப்பில் இருந்தேன். ஊசியும் நூலும் இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கின்றன.

ஏன் இப்படி என்றால், இது வந்த வழி அப்படி. 1891இல் முதல் உக்ரைனியர்கள் கனடாவுக்கு வந்தார்கள், அப்புறம் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிட்டோபா புல்வெளிகளில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். ஊருக்கு ஊர் ஒரு தேவாலயம், ஒரு மண்டபம் கட்டினார்கள். 1925 கடைசியில் வசில் அவ்ரமென்கோ என்கிற நடன ஆசிரியர் வந்து சேர்ந்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு போலந்தில் போர்வீரர்களை அடைத்து வைத்திருந்த முகாமிலேயே நடனப் பள்ளி தொடங்கியவர் அவர். கனடாவில் ஒரு ஊரில் இறங்கி, சில வாரம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்து, ஒரு கச்சேரி நடத்தி, நன்றாக ஆடுகிற ஒருவரை அங்கேயே ஆசிரியராக விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஆசிரியர் போய்விட்டார், ஊர்க்காரர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற ஏற்பாடு அன்றைக்கே வந்துவிட்டது. பிறகு எட்மன்டனில் 1959இல் ஷும்காவும் 1969இல் செரெமோஷும் வந்தன, இரண்டையும் தொடங்கியவர் செஸ்டர் குட்ஸ். வின்னிபெக்கில் 1962இல் ருசால்கா. இவை பெரியவர்கள் ஆடும் பெரிய குழுக்கள், உங்கள் மகளின் வகுப்பில் அக்காமார்கள் கண்ணில் நட்சத்திரத்தோடு பேசுகிற பெயர்கள் இவைதான். கனடாவில் இன்று உக்ரைனிய வம்சாவளி என்று சொல்லிக்கொள்பவர்கள் 12 லட்சத்துக்கும் மேல், அதில் பலருக்கு மொழி போய்விட்டது, நடனமும் பிரோஹி என்கிற பண்டமும் மிஞ்சியிருக்கின்றன.

சரி, நடைமுறைக்கு வருவோம். வருடம் செப்டம்பரில் தொடங்கி மே மாதம் முடியும். ஆறு வயதுக்கு வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் வகுப்பு உண்டு, ஆனால் அது பாதி நடனம், பாதி ஓடிப்பிடித்து விளையாட்டு. பத்து வயதுக்கு மேல் வாரம் இரண்டு நாள் ஆகிவிடும், பதின்ம வயதில் சனி ஞாயிறும் சேர்ந்து போகும். அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த வயதில்தான் பியானோ, நீச்சல், தமிழ்ப் பள்ளி எல்லாம் ஒரே சனிக்கிழமைக்கு வந்து முட்டும்.

வகுப்பில் என்ன நடக்கும் என்றால், முதலில் உடம்பைச் சூடாக்கும் பயிற்சி, பிறகு கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு பாலே வகுப்பில் மாதிரி சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்யும் பயிற்சி, பிறகு மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு வரிசையாக அடவுகள், கடைசியில் அந்த வருடத்துக்கான ஆட்டம். பாலே எங்கிருந்து வந்தது என்று கேட்காதவர் இல்லை. இன்று மேடையில் பார்க்கிற வடிவத்துக்குப் பெரிய அளவில் காரணம் பாவ்லோ விர்ஸ்கி. கீவில் 1937இல் அரசு நாட்டுப்புற நடனக் குழுவைத் தொடங்கிய இருவரில் ஒருவர், 1955 முதல் 1975இல் இறக்கும்வரை அதை நடத்தியவர். கிராமத்து ஆட்டத்தை எடுத்து பாலே அடித்தளத்தில் வைத்துக் கட்டினார். அந்தக் குழு வட அமெரிக்காவுக்கு வந்து ஆடியதைப் பார்த்த தலைமுறைதான் இங்கே கழகங்களை வளர்த்தது. ஆகவே உங்கள் பிள்ளை கற்கப் போவது கிராமத்துத் திருவிழா ஆட்டத்தை அப்படியே இல்லை, மேடைக்காகச் செதுக்கிய வடிவம். அதில் ஒன்றும் குறை இல்லை, தெரிந்துகொண்டு போனால் நல்லது.

அடவுகளின் பெயர்கள் உக்ரைனிய மொழியில் இருக்கும், மற்ற பேச்சு எல்லாம் ஆங்கிலம்தான். பிகுனெட்ஸ் என்றால் ஓட்ட நடை, தீனொக் என்றால் பக்கவாட்டில் தாவித் தாவி வைக்கும் அடி, ப்ரிசியாட்கா என்றால் பையன்கள் உட்கார்ந்து எழுந்து காலை உதறுகிற அந்தப் பிரபலமான ஆட்டம். இரண்டு மாதத்தில் உங்கள் மகள் சமையலறையில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஆடுவாள், நீங்கள் தலையாட்டினால் போதும்.

நம் ஊர்க்காரர்கள் எதிர்பார்ப்பில் தவறுவது ஒரு இடத்தில். பரதநாட்டிய வகுப்பு மாதிரி ஒரு குரு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகத் திருத்தம், வருடங்கள் கழித்து அரங்கேற்றம் என்கிற பாதை இங்கே கிடையாது. இது கூட்டமாக ஆடுகிற நடனம். பதினாறு பேர் வட்டம், வட்டம் உடைந்து நான்கு வரிசை, வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளியே வரவேண்டும். உங்கள் மகள் எவ்வளவு அழகாக ஆடினாலும் பக்கத்துப் பிள்ளையின் தோளோடு தோள் வரிசையாக இல்லாவிட்டால் ஆட்டம் கெட்டுவிடும். அதனால்தான் வருகைக்கு அவ்வளவு கண்டிப்பு. மார்ச் மாதத்தில் மூன்று வாரம் ஊருக்குப் போய்வருகிறோம் என்று சொன்னால் ஆசிரியர் முகம் சுருங்கும், அது உங்கள் பிள்ளைக்காக அல்ல, அவள் கையைப் பிடிக்க வேண்டிய இன்னொரு பிள்ளைக்காக. ஊர்ப் பயணத்தை ஜூன் ஜூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட் விலை கொஞ்சம் அதிகம்தான், என்ன செய்வது. முன்வரிசையில் என் பிள்ளை ஏன் இல்லை என்று கேட்கப் போவதும் வேண்டாம். கேட்கிற பெற்றோர் எல்லாக் கழகத்திலும் ஒருவர் இருவர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் அவர்களைத் தெரியும்.

பயிற்சி உடை எளிது. பெண் பிள்ளைக்குக் கறுப்பு லியோட்டார்ட், டைட்ஸ், சிலசமயம் பயிற்சிப் பாவாடை, காலுக்கு மெல்லிய பாலே காலணி. பையனுக்குக் கறுப்புக் கால்சட்டை, வெள்ளை டி-ஷர்ட். தலைமுடி கட்டியிருக்க வேண்டும், கையில் காதில் ஆடுகிற எதுவும் கூடாது. காப்புக் கயிறு, கொலுசு எல்லாம் கழற்றச் சொல்வார்கள், கோயில் கயிறு என்றால் முன்கூட்டியே ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். டைட்ஸ் விஷயத்தில் ஒன்று. 'தோல் நிறம்' என்று பட்டியலில் போட்டிருப்பார்கள், அது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் தோல் நிறம். எங்கள் பிள்ளைக்குப் பொருந்துகிற நிறத்தில் வாங்கட்டுமா என்று கேளுங்கள். நான் கேட்ட எவரும் மறுத்ததில்லை, அதுவரை அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மேடை ஆடைதான் இந்த உலகத்தின் பெரிய சொத்து. பெரும்பாலும் அது கழகத்துடையது, நீங்கள் வருடத்துக்கு ஒரு வாடகையோ முன்பணமோ கட்டுவீர்கள். ஆறு வயதுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பொல்தாவா என்று சொல்லப்படும் மத்திய உக்ரைன் ஆடை. பூவேலை செய்த வெள்ளைச் சட்டை, அதன் மேல் கைவைக்காத இறுக்கமான மேலுடுப்பு, இடுப்பில் பிளாக்தா என்கிற கட்டம் போட்ட சுற்றுப் பாவாடை, முன்னால் ஒரு ஏப்ரன், கழுத்தில் சிவப்புப் பாசிமணி, தலையில் வீனொக் எனும் பூமுடி, அதிலிருந்து முதுகு வரை தொங்குகிற பல நிற ரிப்பன்கள், காலில் சிவப்பு பூட்ஸ். பையனுக்குப் பூவேலைச் சட்டை, ஷராவாரி என்கிற பெரிய தொளதொளப்பான கால்சட்டை, இடுப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டும் நீளமான துணிக்கச்சை. அந்தக் கச்சையைக் கட்டுவது ஒரு கலை. ஒரு முனையை அப்பா இழுத்துப் பிடிக்க, பையன் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு வந்து அவர் கைக்குள் முடிவான். தளர்வாகக் கட்டினால் ஆட்டத்தின் நடுவில் அவிழ்ந்து காலில் மாட்டும்.

வயது ஏற ஏற வட்டாரங்கள் மாறும், ஆடையும் ஆட்டமும் சேர்ந்தே மாறும். ஹுட்சுல் என்றால் கார்பேத்திய மலைக்காரர்கள். ஆட்டுத்தோல் மேலுடுப்பு, காலில் பூட்ஸுக்குப் பதில் பொஸ்தொலி என்கிற தட்டையான தோல் செருப்பு, சின்னச் சின்ன வேகமான அடிகள், ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்ட இறுக்கமான வட்டம். புக்கோவினா ஆட்டத்தில் மிடுக்கு அதிகம், சட்டைக் கையில் மணிவேலை அவ்வளவு கனமாக இருக்கும். வோலின் துள்ளல். எனக்குப் பிடித்தது டிரான்ஸ்கார்பேத்தியா, கைதட்டலும் கால்தட்டலும் சேர்ந்து வரும், குழந்தைகள் சிரித்துக்கொண்டே ஆடுவது அதில் மட்டும்தான் தானாக வருகிறது. ஒரு வட்டாரத்து ஆடைக்கு இன்னொரு வட்டாரத்து மணிமாலையைப் போட்டு அனுப்பினீர்களோ, மேடைக்குப் பின்னால் யாராவது ஒரு பாட்டி பார்த்துவிட்டு வந்து கழற்றுவார்.

பராமரிப்பில் கழகம் சொல்வதை அட்சரம் பிசகாமல் கேளுங்கள். சிவப்பு நூல் பூவேலை போட்ட வெள்ளைச் சட்டையை வாஷிங் மெஷினில் போட்டால் சாயம் இறங்கி இளஞ்சிவப்பாக வெளியே வரும், அதற்குப் பிறகு அந்தச் சட்டை மேடைக்கு உதவாது, முன்பணமும் வராது. ரிப்பன்களை ஒவ்வொன்றாக, மிதமான சூட்டில், மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி செய்யவேண்டும். அப்புறம் நம் வீட்டுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று: நிகழ்ச்சிக்கு முந்தின நாள் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். வீனொக் வழுக்கி நெற்றிக்கு வந்துவிடும், ரிப்பனில் எண்ணெய்க் கறை ஏறினால் போகாது. மற்றபடி நம் பிள்ளைகளின் அடர்த்தியான நீள முடியைப் பார்த்தால் ஒப்பனை அறையில் பெருமூச்சு விடுவார்கள், மற்றப் பிள்ளைகளுக்குப் பொய்ச்சடை வைத்துப் பின்ன வேண்டியிருக்கிறதே.

செலவு. மாதாந்திரக் கட்டணம் இந்த ஊரின் மற்ற நடனப் பள்ளிகளை விடக் குறைவாகவே இருக்கும், ஹாக்கியோடு ஒப்பிட்டால் பேச்சே இல்லை. ஆனால் சின்னச் சின்னதாகச் சேரும்: பூட்ஸ், டைட்ஸ், ஆடை வாடகை, போட்டி நுழைவுக் கட்டணம், வெளியூர் போட்டி என்றால் ஹோட்டல், கடைசியில் உங்கள் பிள்ளை ஆடுவதை நீங்களே பார்க்க டிக்கெட். புது பூட்ஸ்தான் ஒரே அடியில் கை கடிக்கும், குழந்தையின் கால் வேறு வருடம் ஒரு அளவு வளரும். அதனால் எவரும் சின்னப் பிள்ளைக்குப் புதிதாக வாங்குவதில்லை. ஒரு பூட்ஸ் நாலைந்து வீடு சுற்றி, மூக்கில் சிவப்புப் பாலிஷ் ஏறி ஏறி வரும், உள்ளே போன பிள்ளைகளின் பெயரெல்லாம் பேனாவில் எழுதி அடித்திருக்கும்.

பணத்தை விடப் பெரியது நேரம். பதிவு செய்யும் அன்று கட்டணக் காசோலையோடு பின்தேதியிட்ட இன்னொரு காசோலையும் கேட்பார்கள், திகைக்காதீர்கள். இத்தனை மணி நேரம் அல்லது இத்தனை முறை கழக வேலை செய்யவேண்டும் என்று கணக்கு உண்டு, செய்தால் வருடக் கடைசியில் காசோலை திரும்பி வரும், செய்யாவிட்டால் வங்கிக்குப் போகும். கடுமையாகத் தெரியும். ஆனால் இது இல்லாத கழகத்தில் அதே ஐந்து பேர் எல்லா வேலையும் செய்து, மூன்றாம் வருடம் சலித்துப்போய் விலகி, கழகமே ஆட்டம் காண்பதை நான் பார்த்திருக்கிறேன். காசோலையே நல்லது.

ஆல்பர்ட்டாவில் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு, ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்: சூதாட்ட விடுதியில் வேலை. இந்த மாகாணத்தில் அறக்காரிய அமைப்புகளுக்கு அரசு உரிமம் கொடுக்கிறது, முறை வரும்போது இரண்டு நாள் ஒரு காசினோவுக்குத் தன்னார்வலர்களை அனுப்பினால் வருமானத்தில் ஒரு பங்கு கழகத்துக்கு வரும். முறை வர இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகும், ஆனால் வந்தால் பல்லாயிரம் டாலர், புது ஆடைத் தொகுதி ஒன்று அதிலிருந்துதான் வரும். நீங்கள் சீட்டு விளையாடவோ பந்தயம் கட்டவோ போவதில்லை, காசாளர் சன்னலில் உட்காரலாம், சூதாட்டச் சில்லுகளை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாம், அல்லது நள்ளிரவுக்கு மேல் எண்ணும் அறையில் உட்கார்ந்து நோட்டு எண்ணலாம். எண்ணும் அறையில் இருப்பவர் விடியற்காலை வீடு திரும்புவார், அதனால் பல கழகங்களில் அந்த வேலைக்குக் கணக்கில் கூடுதல் மதிப்பு. இதில் மனத்தடை உள்ள குடும்பங்கள் உண்டு, முஸ்லிம் குடும்பங்கள் மட்டும் இல்லை, உக்ரைனியர்களிலேயே உண்டு. வெளிப்படையாகச் சொன்னால் வேறு வேலை தருவார்கள்.

வேறு வேலை என்றால் பிரோஹி. உருளைக்கிழங்கும் சீஸும் வைத்துப் பிறைவடிவில் மடித்து அவிக்கிற பண்டம், நம் சோமாசிக்கு வெகுதூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தின் நிலவறைச் சமையலறையில் காலையில் கூடி, நீள மேசையின் இரு பக்கமும் நின்று, ஒருவர் மாவு தேய்க்க, ஒருவர் வட்டமாக வெட்ட, மற்றவர்கள் வைத்து மூடி ஓரத்தை விரலால் அழுத்துவார்கள். ஓரம் சரியாக ஒட்டாவிட்டால் கொதிநீரில் வாய் பிளந்துவிடும். தலைமுறை தலைமுறையாக மடித்த பாட்டிமார் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒன்றும் சொல்லாமல் நீங்கள் மூடியதை எடுத்து மறுபடி அழுத்திவிட்டு வைப்பார்கள். அவர்களை 'பாபா' என்று கூப்பிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், தாத்தா என்றால் 'கீதோ'. டஜன் கணக்கில் உறையவைத்து விற்பார்கள், அந்தக் காசு கழகத்துக்கு. ஒரு பிள்ளையின் குடும்பத்தைக் கழகம் ஏற்றுக்கொண்டது எப்போது என்று கேட்டால், மேடையில் இல்லை, இந்தச் சமையலறையில் என்பேன்.

வருடத்தின் ஓட்டம் இப்படி இருக்கும். இலையுதிர் காலம் முழுக்கப் பயிற்சி. ஜனவரியில் மலாங்கா எனும் பழைய நாட்காட்டிப் புத்தாண்டு விருந்துகள், பெரிய பிள்ளைகள் அங்கே ஆடுவார்கள், சின்னவர்களை சிலசமயம் அழைப்பார்கள். பிப்ரவரி மார்ச்சில் சலிப்பு வரும். வெளியே மைனஸ் முப்பது, உள்ளே அதே எட்டு எண்ணிக்கையைத் திரும்பத் திரும்ப, பிள்ளை 'இன்றைக்குப் போகவேண்டாம்' என்று சொல்லும். அந்த ஆறு வாரத்தைத் தாண்டிவிட்டால் பிறகு ஏப்ரல் மே மாதப் போட்டிகள் வந்துவிடும், ஆர்வம் தானாகத் திரும்பும்.

போட்டி என்றால் பயப்படாதீர்கள். பல இடங்களில் முதல் இரண்டு மூன்று என்று கிடையாது, நடுவர் மதிப்பெண் போட்டு, இத்தனைக்கு மேல் தங்கம், இத்தனைக்கு மேல் வெள்ளி என்று கொடுப்பார்கள், ஒரே பிரிவில் நாலு குழு தங்கம் வாங்கலாம். சின்னவர்களுக்கு மேடை ஏறிவிட்டுப் பதக்கத்தோடு இறங்குவதுதான் முக்கியம். காலை எட்டு மணிக்கு ஒப்பனையோடு வரச் சொல்லி, ஆட்டம் பதினொன்றரைக்கு, மூன்று நிமிடம், அடுத்த ஆட்டம் மாலை நாலரைக்கு. இடையில் ஆடையைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு பெரிய சட்டையை மேலே போட்டுவிடுங்கள், கறைபடாத சாப்பாடு கொண்டுபோங்கள். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய் மஞ்சள் கறை வாங்கிய குடும்பம் ஒன்று உண்டு, யார் என்று சொல்லமாட்டேன். உதட்டுச் சிவப்பு, கன்னச் சிவப்பு ஆறு வயதுக்கும் போடச் சொல்வார்கள், மேடை விளக்கில் முகம் தெரிய. நகப்பூச்சு கூடாது. மூக்குத்தி, தோடு கழற்ற முடியாவிட்டால் தோல் நிற டேப் ஒட்டுவார்கள்.

வருடக் கடைசிக் கச்சேரி ப்ரிவீத் என்கிற வரவேற்பு நடனத்தோடு தொடங்கும், பூவேலைத் துணியில் ரொட்டியும் உப்பும் ஏந்தி வந்து வணங்குவார்கள். முடிவு ஹோபக், எல்லா வயதினரும் மேடையில், பெரிய பையன்கள் காற்றில் பறப்பார்கள், பெண்கள் பம்பரமாகச் சுழலுவார்கள். உங்கள் மகள் மூலையில் நின்று கைதட்டுவாள், அவளுக்கு அது போதும். அதன் பிறகு விருந்து என்றால் கொலொமிய்கா உண்டு. எல்லோரும் பெரிய வட்டமாக நிற்க, ஒருவர் ஒருவராகவோ கூட்டமாகவோ நடுவில் இறங்கித் தங்கள் வித்தையைக் காட்டிவிட்டுப் போவார்கள். இங்கே உக்ரைனியக் கல்யாணங்களிலும் இதுதான் உச்சம். அங்கே ஆசிரியர் இல்லை, வரிசை இல்லை, பிள்ளைகள் தாமாகவே குதிப்பதைப் பார்க்கலாம்.

மகன் விஷயம். எட்டு வயது நல்ல வயது. பையன்கள் குறைவு என்பதால் சில கழகங்கள் கட்டணத்தைக்கூடக் குறைப்பார்கள். உட்கார்ந்து எழும் ஆட்டத்தை முதல் நாளே செய்துகாட்டச் சொல்லி வீட்டில் பிடிவாதம் பிடிக்காதீர்கள், மாமா வீட்டு விருந்தில் ஆடச்சொல்லவும் வேண்டாம். தொடைத்தசை வலுவாகாமல் ஆழமாக உட்கார்ந்து உதைத்தால் முழங்கால்தான் வாங்கும். நல்ல ஆசிரியர் முதலில் அரைவாசி உட்காருதல், முதுகு நேராக, குதிகால் ஒழுங்காக என்று மாதக்கணக்கில் கட்டித்தான் வருவார். வளர்ச்சி வேகமாக இருக்கும் பதினொன்று பன்னிரண்டு வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலிக்கிறது என்று சொன்னால் சும்மா தள்ளிவிடாதீர்கள், ஆசிரியரிடம் சொல்லி அந்த அடவைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். சூடேற்றும் பயிற்சியைத் தவிர்த்துவிட்டு நேராகக் குதிக்க விடுகிற வகுப்பு என்றால் வேறு கழகம் பாருங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து இதை 'ரஷ்ய நடனம்' என்று எங்கேயும் சொல்லிவிடாதீர்கள். உட்கார்ந்து உதைக்கிற ஆட்டத்தைப் பார்த்ததும் நம்மில் பலருக்கு வாயில் வருவது அதுதான். 2022 பிப்ரவரிக்குப் பிறகு அந்தச் சொல் வேறு மாதிரி விழும். போருக்குப் பின் அவசர விசாவில் கனடாவுக்கு வந்த உக்ரைனியர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம், அவர்களின் பிள்ளைகள் பலர் இந்தக் கழகங்களில் இருக்கிறார்கள். உங்கள் மகளின் பக்கத்தில் ஆடுகிற பிள்ளையின் அப்பா போர்முனையில் இருக்கலாம். கச்சேரியில் ஒரு நிமிட மௌனம் இருக்கும், இரண்டு நாட்டுப் பண்ணும் பாடுவார்கள், உண்டியல் சுற்றிவரும். மூன்று நான்கு தலைமுறையாகக் கனடாவில் இருக்கும் உக்ரைனியருக்கும் இப்போது வந்தவர்களுக்கும் நடுவில் சின்னச் சின்ன உரசல் உண்டு, எது சரியான பாட்டு, எது சரியான அடவு, எது பழைய பாணி என்று. அதில் நீங்கள் தலையிடாமல் இருப்பது புத்திசாலித்தனம். ஆனால் போரால் இடம்பெயர்வது என்றால் என்ன என்று தெரிந்த ஈழத்துக் குடும்பம் என்றால் அங்கே அதிகம் பேசவேண்டிய அவசியமே இருக்காது. இரண்டு அம்மாக்கள் கொண்டை போட்டுக்கொண்டே அரைகுறை ஆங்கிலத்தில் பேசி முடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மதம் பற்றிக் கேட்பீர்கள். சில கழகங்கள் உக்ரைனியக் கத்தோலிக்க அல்லது ஆர்த்தடாக்ஸ் தேவாலய மண்டபத்தில் நடக்கும், சில முற்றிலும் தனி. விருந்துக்கு முன் பிரார்த்தனை சொல்வார்கள், கிறிஸ்துமஸ் பாட்டு வரும், எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. சாப்பாட்டில் சைவர்களுக்குப் பிரோஹியும், அரிசி வைத்துச் சுருட்டிய முட்டைக்கோசும் கிடைக்கும், ஆனால் மேலே பன்றிக்கொழுப்பு தாளித்திருக்கலாம், முட்டைக்கோசுக்குள் இறைச்சியும் இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

எந்தக் கழகம் என்று நான் சொல்லப்போவதில்லை, எட்மன்டனில் தெரிவுகள் நிறைய. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு முதலிடம் கொடுங்கள், ஜனவரிப் பனியில் முக்கால் மணி நேரம் ஓட்டுவது இரண்டாம் வருடத்தில் கசக்கும். பெரும்பாலும் ஒரு இலவச வகுப்புக்கு அனுமதிப்பார்கள், போய் உட்கார்ந்து ஆசிரியர் தப்புச் செய்கிற பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார் என்று மட்டும் பாருங்கள். பிறகு கழகத்தை நடத்தும் குழுவினரிடம் தன்னார்வ வேலை எவ்வளவு, போட்டிகள் எத்தனை, அதில் வெளியூர் எத்தனை, நடு வருடத்தில் விலகினால் எவ்வளவு திரும்பும், ஆடை கழகத்துடையதா நாம் வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிற கழகம் ஒழுங்காக நடக்கிற கழகம்.

பதிவு பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதல் வாரத்திலோ இருக்கும். அதே நாளில் மண்டபத்தின் ஒரு ஓரத்தில் பழைய பூட்ஸ் விற்பனையும் நடக்கும். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், சின்ன அளவுகள் முதல் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும். மகளுக்கு ஒரு தடித்த காலுறையும் எடுத்துக்கொண்டு போங்கள், அதைப் போட்டுத்தான் அளவு பார்க்கவேண்டும்.